இலை நுனியில் ஒரு சொட்டு

"பாருடா, இலை நுனியெல்லாம் ஈரம் சொட்டுது. என் பொண்ணு இந்த ரூம்லதான் மூச்சு விட்டுக்கிட்டிருக்கா," என்றாள் அக்கா.

மகள் செத்து ஏழு மாதம். அவள் வளர்த்த மழைக்காட்டுச் செடி, காற்றில் ஈரம் இல்லாவிட்டால் கருகிவிடும் சாதி. அது மட்டும் தளதளவென்று நின்றது.

அக்கா சமையல்கட்டுக்குப் போனதும் தம்பி அவள் கணவரிடம் பொரிந்தான். "மூச்சும் இல்ல, பேயும் இல்ல மாமா. எங்கேயோ தண்ணி கசியுது. ஊருக்கெல்லாம் குழாய் மாட்டுறீங்க, சொந்த வீட்டைப் பாக்க மாட்டீங்களா? அக்காவுக்குப் பைத்தியம் முத்துறதுக்குள்ள அடைச்சுடணும்."

செடியை ஒட்டியிருந்த அலமாரியை நகர்த்தினான். பின்சுவர் ஊறிப்போயிருந்தது. குழாய் இணைப்பைத் தடவியவன் நிமிர்ந்தான்.

"துருவே இல்லையே! யாரோ ஸ்பேனர் போட்டு நட்டைத் தளர்த்தியிருக்காங்க."

"நான்தான்," என்றார் மாமா. "பொண்ணு போன மறுவாரமே செடி கருக ஆரம்பிச்சுது. அதைப் பாத்துட்டு உங்கக்கா சோத்தைத் தொடல. தண்ணி தெளிச்சுப் பாத்தேன், ஈரம் அரை மணி நேரம்கூடத் தாங்கல."

தம்பி நட்டிலிருந்து கையை எடுத்தான்.

"அலமாரியை ஒரு கை பிடி மச்சான். அவ வர்றா."