அசல் சைலன்சர்

"துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சந்தையில வித்தான். ஒரு மழைக்குத் தாங்கல!" காரிலிருந்து கழற்றிய சைலன்சரைப் புர்பாலிங்கா ஊரிலிருந்த சைலன்சர் பட்டறையில் தொப்பென்று போட்டார் தர்சோனோ.

பட்டறைக்காரர் விர்யோ அதில் காந்தத்தை வைத்தார். பச்சென்று ஒட்டிக்கொண்டது.

"இது போலி அண்ணே. அசல்ல காந்தம் ஒட்டாது."

"மேட் இன் ஜப்பான்னு போட்டிருக்கே?"

"அதான் அநியாயம்! கண்ட தகரத்துலயும் ஜப்பான் பேரைக் குத்தி ஏமாத்துறானுங்க. மனசாட்சியே கிடையாது."

"சரி, அசலா ஒண்ணு குடுங்க."

விர்யோ, தன் கையாலேயே அப்போதுதான் பற்றவைத்து முடித்த சைலன்சரை எடுத்தார். டிராயரிலிருந்து 'மேட் இன் ஜப்பான்' அச்சை எடுத்து, தர்சோனோவின் கண்ணெதிரிலேயே அதன்மேல் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்.

தர்சோனோ காந்தத்தை வாங்கி வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை.

"என்ன இருந்தாலும் ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்!" என்றார்.