அட்டைப் பூட்டு

மேடையில் இருந்தவள் ஊசிக்குக் கீழே துணியே இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

கால் மட்டும் தடதடவென்று மிதிக்கிறது. எங்கள் ஃபேக்டரியில் எல்லாம் மோட்டார் மிஷின். மிதிக்கிற மிஷின் வேண்டுமானால் இந்த நாடகக்காரர்களின் வீட்டு ஹாலில் இருக்கும், மேலே ஒரு பூச்சாடியோடு.

வாசலில் 'உழைப்பாளர் கலைவிழா' என்று பேனர். விழாக்குழு மொத்தமும் ஒரே சிவப்பு டீ-சர்ட், முதுகில் முஷ்டி. முன்னால் நின்றவரின் ஓரத் தையலைப் பார்த்தேன். கோணல், நூல் தொங்குகிறது. அதைத் தைத்தவள் அன்றைக்கு மதியம் சாப்பிட்டாளா என்று இவர்களில் ஒருத்தருக்காவது தெரியுமா? நியாயம் பேச மட்டும் வாய் காது வரைக்கும் போகிறது.

எங்கள் ஃபேக்டரித் தீயில் செத்த ஒன்பது பேரின் வீட்டாட்களையும் என்னையும் முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். 'தீயிலிருந்து தப்பிய ஒரே பெண்' என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே தப்பினேன், எதிரே டீக்கடையில் இருந்தேன். நாடகம் முடிந்ததும் மேடையேறி உள்ளது உள்ளபடி இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம்.

பக்கத்தில் சிட்டுவோட அம்மா. சிட்டு பட்டன் தைக்கிறவள். குட்டியூண்டு இருப்பாள், அதனால் நாங்கள் வைத்த பெயர் அது.

இரண்டு வருடமாக இந்த அம்மாவுக்கு ஒரே கேள்விதான். கதவைப் பூட்டினது யார்? போலீஸில் கேட்டாள், கோர்ட்டில் கேட்டாள். பூட்டச் சொல்லவே இல்லை என்று முதலாளி கையை விரித்துவிட்டார். இந்தக் கூத்திலாவது பதில் கிடைக்கும் என்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், பாவம்.

நாடக முதலாளி மேடைக்கு வந்தான். வயிற்றில் தலையணை, வாயில் சுருட்டு. எங்கள் முதலாளி ஒல்லிக்குச்சி, சர்க்கரை வியாதி வேறு. அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை.

அட்டையில் தட்டு அகலத்துக்கு ஒரு பூட்டு, வெள்ளிப் பெயின்ட் அடித்தது. அதைக் கதவில் மாட்டிவிட்டு அவன் ஹாஹாவென்று சிரித்தான். கூட்டம் 'ஊ' என்று கத்தியது. ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தார்.

தூ, இதெல்லாம் ஒரு நாடகம். பூட்டுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். மூன்று மணிக்கு சூப்பர்வைசர் டீ குடிக்கப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவது வழக்கம். இல்லாவிட்டால் அன்றைய பீஸ் கணக்கு முடியாமல் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள். வாய் எதையாவது பேசிக்கொண்டிருக்கும், கை தானாகப் பூட்டிவிடும். அன்றைக்கும் அப்படித்தான்.

சிவப்புத் துணியை ஆட்டினார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாக அழகாக விழுந்தார்கள். விசில் பறந்தது.

சிட்டுவோட அம்மா மட்டும் அழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அந்த அட்டையையே பார்த்தாள்.

"ஏம்மா, பூட்டு அவ்ளோ பெருசாவா இருந்துச்சு?"

இவ்வளவு நேரம் எல்லோரையும் காறித் துப்பிக்கொண்டிருந்த இதே வாய்தான் கோர்ட்டில் எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னது. அங்கே கேட்டது வக்கீல்.

"இல்லம்மா, சின்னதுதான்" என்றேன். "சாவி என் கழுத்துலதான் கிடந்துச்சு."

அதற்குள் மைக்கில் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சிட்டுவோட அம்மாவும் என் மணிக்கட்டை விட்டுவிட்டு இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.