பின்சக்கரத்தில் ஒரு சேலைத் துண்டு

“பேரே தெரியாதவங்களுக்கு எப்படி பாபா திருப்பிக் குடுப்பே?” என்று என் மகள் தூலி ஒருமுறை கேட்டாள். அவள் அம்மாவின் சேலை சக்கரத்தில் சிக்கி எங்கள் பைக் கவிழ்ந்தபோது, வழியில் போன ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்துக் காயத்தைக் கட்டிவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போனாள். அன்று வளைந்த சக்கரங்களுக்குப் பதிலாக, கல்கத்தாவின் உதிரிபாகச் சந்தையான மல்லிக் பஜாரில் பழைய சக்கரங்களைப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். சாக்கடையும் பழைய எண்ணெயும் சேர்ந்து வெயிலில் நாறுகின்றன. மெக்கானிக் இலியாஸ் பின்சக்கரத்தைத் திருப்புகிறார். அச்சைச் சுற்றிச் சிவப்புக் கரைச் சேலைத் துண்டு ஒன்று இறுகிக் கிடக்கிறது. அதில் கறுத்து உறைந்த ரத்தம், நீளமான தலைமுடி. கடைக்காரன் போலா பான் எச்சிலைத் துப்பிவிட்டு, அண்ணன் முறை வைத்து என்னிடம் இளிக்கிறான். “தாதா, வீட்டம்மாவுக்குச் சேலை இலவசம்!”

“சக்கரத்தை அப்புறம் கழுவலாம், முதல்ல உன் வாயைக் கழுவுடா,” என்கிறார் இலியாஸ்.

போலா அந்தத் துண்டை அறுத்துச் சாக்கடையோரம் வீசுகிறான். இந்தச் சக்கரமே வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன். ஆனால் நாளை கட்டுப் பிரிக்க மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வேறு சக்கரம் வாங்க வழியில்லை. “சேலை சிக்காம இருக்க சாரி கார்டும் போட்டுடுங்க, பாய்,” என்கிறேன். போட்டு முடித்து அவர் தொழுகைக்குப் போகிறார். போலா டீக்குப் போகிறான். மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் துணியை எடுக்கிறேன். தெருக்குழாயில் கலங்கலாகக் கங்கைத் தண்ணீர் வருகிறது. கரையின் சிவப்பு தெரியும்வரை அலசுகிறேன். முடியை அதற்குள் மடித்து, அரசமரத்தடியில் குழிதோண்டி வைத்து, தூங்கும் குழந்தைக்குப் போர்த்துவதுபோல் மண்ணை மூடுகிறேன்.