இருபதாம் மாடிக் கடல்

நனைந்த சேலையோடு, நான் பாத்திரம் தேய்க்கும் இருபதாம் மாடி வீட்டுக்கு ஓடினேன். புயல்காற்று கிளம்பி மூன்று மணி நேரமாகியும் என் வீட்டுக்காரர் கஸ்பார் கரை திரும்பவில்லை. கீழே நின்றால் அலைதான் தெரிகிறது.

“மேலேயிருந்து அவர் படகு தெரியுதா பாருங்கம்மா.”

சுபாஷிணியம்மா சோபாவிலிருந்தே ஜன்னலைக் காட்டினார். “கடல் அமைதியாத்தானே இருக்கு, பிலோமி? மூணு படகு நிக்குதே.”

அந்தக் கண்ணாடி எந்நாளும் கடலை ஓவியமாக்கித்தான் காட்டும். இளநீல வானம், இடப்பக்கம் மூன்று வெள்ளைப் படகு. தினமும் துடைக்கிறவளுக்குத் தெரியாதா?

“இது படம்மா. நிஜக் கடலைக் காட்டுங்க.”

“அது இதுல வராதே.”

“அப்போ ஜன்னலைத் திறங்க.”

“திறக்கிற மாதிரி வைக்கலையே. கோவிக்காதே, உன் வீட்டுக்காரர் படகு என்ன நிறம்? அதையும் படத்துல சேர்த்துடலாம்.”

சமையலறைக்குப் போய் இடிகல்லைத் தூக்கி வந்தேன்.