குதிகாலில் விழுந்த தண்ணீர்

பின்னாலிருந்து சளாரென்று வந்து விழுந்த தண்ணீரில் லுயாண்டோவின் குதிகால்கள் இரண்டும் நனைந்தன. திடுக்கிட்டுத் திரும்பினாள். படிக்கட்டின் மேலே, தன் வீட்டு வாசலில், காலிக் குவளையோடு நின்றிருந்தாள் டெசாங்கா.

கடைசிப் பரீட்சைக்குக் கிளம்புகிற நேரம். லுயாண்டோவுக்கு ரத்தம் கொதித்தது.

"இன்னிக்கு ஒரு நாளாவது சும்மா இருக்க முடியாதா இந்தக் கிழவியால?" என்று மேலே ஏறப் போனவளை, கூட வந்த யாதிரா கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

தெருவுக்கு வந்ததும் யாதிரா விழுந்து விழுந்து சிரித்தாள். "அடி லூசு, அது சண்டை இல்லடி. கிளம்பறவங்களுக்குப் பின்னால இங்க தண்ணி ஊத்துவாங்க. போற காரியம் தண்ணி மாதிரி தடங்கல் இல்லாம ஓடணும்னு. அவங்க மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனப்போ ஊத்துனதை நானே பார்த்தேன்."

"யாரு, டெசாங்காவா? எனக்கா?" லுயாண்டோவால் நம்ப முடியவில்லை.

எப்படி நம்புவாள்? நிஷ் நகரத்தின் அந்தப் பழைய அடுக்குமாடியில் குடியேறிய நாள் முதல், மேல்வீட்டுத் தோழிகள் இருவருக்கும் கீழ்வீட்டு டெசாங்காவுக்கும் ஏழாம் பொருத்தம். ஜாம்பியாக்காரி லுயாண்டோ கருவாடு வறுத்தால் டெசாங்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். வாடை போகட்டும் என்று படிக்கட்டு ஜன்னலைத் திறந்தால், குறுக்குக் காற்று அடித்துக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று அதற்கும் கத்துவாள். கியூபாக்காரி யாதிரா நடனம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள். அவள் வீட்டில் நாலு அடி ஆடிப் பார்த்தால் போதும், கீழே டெசாங்கா கரண்டியை எடுத்து வெந்நீர்க் குழாயைத் தட்டித் தட்டியே கட்டடத்தை எழுப்பிவிடுவாள்.

போன வாரம் நடந்ததுதான் உச்சக்கட்டம். "இது மனுஷங்க குடியிருக்கற இடமா, மீன் சந்தையா? எப்பத்தான் தொலைவீங்க ரெண்டு பேரும்?" என்று படிக்கட்டில் நின்று கூப்பாடு போட்டாள் டெசாங்கா.

யாதிராவும் லேசுப்பட்டவள் இல்லை. "இவ பரீட்சையில பாஸாகட்டும், மறுநாளே நோவிசாத் போயிடுவோம். அங்க வேலை காத்துக்கிட்டிருக்கு. பெயிலானா, இன்னும் ஒரு வருஷம் உங்க தலைமேலதான் ஆடுவேன். என்ன பண்ணுவீங்களோ பண்ணிக்கோங்க!"

டெசாங்கா கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அதிசயம். குழாய் தட்டும் சத்தம் அடியோடு நின்றது. மறுநாள் இவர்கள் வாசலில் ஒரு பானை கோழி சூப் இருந்தது. விஷம் வைத்திருப்பாளோ என்று லுயாண்டோ தொடவே இல்லை. யாதிரா குடித்து, அரை மணி நேரம் உயிரோடு இருந்த பிறகுதான் ஸ்பூனை எடுத்தாள்.

அடுத்த நாள் படியில் டெசாங்காவே வழிமறித்தாள். "ஒழுங்காப் படிக்கறியா? ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்காதே, மண்டையில ஏறாது" என்று முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இப்போது இந்தத் தண்ணீர். பஸ்ஸில் உட்கார்ந்ததும் லுயாண்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது. கரித்துக் கொட்டியதெல்லாம் வெறும் வாய்தானா? இத்தனை நாள் அந்த அம்மாவைக் கிழவி கிழவி என்று திட்டிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

மருந்தியல் வாய்மொழித் தேர்வு. ஏற்கெனவே இரண்டு தடவை அவளைக் கவிழ்த்த பாடம், இந்தத் தடவை நிஜமாகவே தண்ணீராக ஓடியது. பேராசிரியர் பத்துக்குப் பத்து போட்டார்.

"நோவிசாத்துக்கு எதுக்கும்மா போகணும்?" என்றார் கண்ணாடியைக் கழற்றியபடி. "எங்க துறையிலயே ஒரு இடம் காலியா இருக்கு. சம்பளம் கொஞ்சம் கம்மிதான். இங்கயே இருந்துடேன்."

நேற்றுக் கேட்டிருந்தால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பாள். இன்று சாக்ஸின் ஈரம் இன்னும் காயவில்லை. "இருக்கேன் சார்" என்றாள்.

வெளியே காத்திருந்த யாதிராவும் மறுக்கவில்லை. "எனக்கென்ன, ஆடறதுக்கு எந்த ஊரா இருந்தா என்ன?" என்றாள்.

சாயங்காலம் காபிப் பொட்டலமும் சாக்லேட் பெட்டியுமாக இருவரும் டெசாங்கா வீட்டு வாசலுக்குப் போனார்கள். மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது.

"பாஸா?"

"பத்துக்குப் பத்து, அத்தை!"

டெசாங்கா சிலுவை போட்டுக்கொண்டாள். லுயாண்டோவை இழுத்துக் கன்னத்தில் மாற்றி மாற்றி மூன்று முத்தம் கொடுத்தாள். இருவரையும் உட்காரவைத்து, பிளம் சாராயத்தைக் குட்டிக் கிளாஸ்களில் தளும்பத் தளும்ப ஊற்றினாள். பெற்ற மகள் பாஸாகியிருந்தால்கூட அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு வந்திருக்காது.

"நாளைக்கு லாரி எத்தனை மணிக்கு வருது? சாமான் இறக்க நானே ரெண்டு பேரைச் சொல்லி வெச்சிருக்கேன்."

"லாரி எதுக்கு அத்தை?" லுயாண்டோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களை மாதிரி ஒருத்தங்களை விட்டுட்டு நாங்க எங்க போவோம்? இந்த ஊர்லயே வேலை கிடைச்சிடுச்சு. வீட்டு ஓனர்கிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நிரந்தரமா உங்க தலைக்கு மேலதான்!"

வாய்க்குப் போன கிளாஸ் பாதி வழியில் நின்றது. டெசாங்காவின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அடிப்பாவி! நீ காலி பண்ணணும்னுதானடி தண்ணி ஊத்துனேன்!"