தேத்தண்ணி

கொழும்பு விமான நிலையத்தில், கனடா விமானத்துக்குப் போகும் கதவில், இரத்த உறவைச் சோதிக்கும் குழாயில் ஆரணி எச்சிலை உமிழ்ந்தாள். கதவு திறக்கவில்லை, சிவப்பு விளக்கு எரிந்தது. காரணம், டொராண்டோவில் அவளுக்காகக் காத்திருந்த குகநேசனின் கைபேசிக்கு மட்டும் வந்தது: ‘நீங்கள் தந்தை அல்ல. பொய்த் தகவல். மறுபரிசோதனை கிடையாது.’

ஆரணி அவருடைய இறந்துபோன தம்பியின் பிள்ளை. அது அவளுக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் ‘வளர்ப்பு மகள்’ என்று எழுதியிருந்தால் கதவு திறந்திருக்கும். அவள் வாசித்துவிடுவாளே என்று பயந்து, ‘மகள்’ என்றே எழுதியிருந்தார்.

கைபேசி அடித்தது.

“அப்பா, ஒண்டும் குடிக்காமல் வரச் சொன்னவை. நான் மறந்துபோய் தேத்தண்ணி குடிச்சிட்டன். எல்லாம் என்ர பிழைதான். என்னை மன்னியுங்கோ அப்பா” என்று ஆரணி அழுதாள்.

“பரவாயில்லை பிள்ளை” என்று குகநேசன் அவளை மன்னித்தார்.