காதடி மச்சம்

ஓவியர் படம் வரைந்த மெல்லிய தாள், அச்சுக்கான மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டப்பட்டு, செதுக்குபவன் கிஹேயின் முன்னால் வந்தது. கோடுகளை ஒட்டி உளியை ஓட்டியவன் சட்டென்று நிறுத்தினான். கிமோனோ அணிந்த அந்தப் பெண்ணுக்கு இடது காதடியில் ஒரு மச்சம். அவன் மனைவி ஓஷினோவுக்கும் அதே இடத்தில்தான். இந்த ஓவியனுக்கு எப்படித் தெரியும்? ஒரே சீவலில் அதைப் போக்கிவிடலாம். ஏனோ விட்டுவைத்தான்.

மறுநாள் அச்சடிப்பவர் முதல் அச்சுப்படியைக் கிஹேயிடம் நீட்டினார். "என்னண்ணே, உங்க மூஞ்சி செத்துக் கிடக்கு?"

படத்தில் மச்சம் வலது காதடியில் இருந்தது. கவிழ்த்து ஒட்டிய படம் பலகையில் இடவலம் மாறித்தானே தெரியும்! இருபது வருஷம் செதுக்கியவன் இதை மறப்பானா? கிஹேய் வாய்விட்டுச் சிரித்தான்.

வீட்டில் ஓஷினோ கண்ணாடி முன் அமர்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் அவளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தான்.

"என்னங்க, இன்னிக்கு ஒரே சந்தோஷமா இருக்கீங்க?" என்றாள், கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்து.

கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு, அச்சுப் படத்துப் பெண்ணைப் போலவே, மச்சம் வலது காதடியில் இருந்தது.

கிஹேய் மெல்ல எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த இடத்தை, தனக்கு முன்பே வேறொருவன் உட்கார்ந்து வரைந்த இடம் போல, குனிந்து பார்த்தான்.